கீழ்த்தளத்துக் கல்மேசை

எங்கள் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் ஒரு கல்மேசை இருந்தது. மேலே, காய் நகர்த்தி ஆடும் டாம் ஆட்டத்துக்காகக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டிருக்கும், சுற்றிலும் கல் இருக்கைகள். இப்போது அங்கே சிமெண்டு பூசி அடைத்த வட்டத் தடங்கள் மட்டும் இருக்கின்றன. மின்தூக்கிக்குப் போகும்போது அவற்றை மிதிக்காமல் சுற்றிப் போகிறேன். அந்த மேசையை எடுக்க வைத்தது நான்.

அம்மா இறந்த பிறகு அப்பாவைத் தனியாக விட மனமில்லை. ஈசூன் வீட்டை விற்றுவிட்டு நான், கணவர், மகள் மூவரும் லிட்டில் இந்தியாவில் இருக்கும் அவர் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஈசூனில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அமைதி. இங்கே நேர் எதிர். கட்டுமானத் தளங்களிலிருந்தும் கப்பல் பட்டறைகளிலிருந்தும் வரும் தமிழ்நாட்டு ஊழியர்கள் கீழ்த்தளத்திலும் நடைபாதை ஓரத்திலும் உட்கார்ந்திருப்பார்கள். ஊருக்கு வீடியோ காலில் பேசுவார்கள், பொட்டலம் பிரித்துச் சாப்பிடுவார்கள், சும்மா படுத்திருப்பார்கள்.

மகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் புக்கிட் பாத்தோக்கில் துணைப்பாட வகுப்பு. அவள் சாயங்காலம் திரும்பும் நேரத்தில் மாடித் தாழ்வாரத்தில் போய் நின்றுகொள்வேன். அவள் நடைபாதையில் வரும்போது ஓரத்தில் இருப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக அசைவது மேலிருந்து தெரியும். அவள் புளோக்குக்குள் நுழையும்வரை கண்ணை எடுக்க மாட்டேன். யாரும் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. பயம் முழுக்க என்னுடையது.

அந்தச் சமயத்தில் கீழ்த்தளத்தைப் புதுப்பிக்கப் போவதாகச் சொல்லி, குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கேட்க ஒரு கூட்டம் போட்டார்கள். குடியிருப்பாளர் குழுவின் தலைவி எங்கள் மாடியிலேயே இருக்கும் சீன அம்மாள். அன்பானவர். கூட்டத்துக்கு முன்னால் மின்தூக்கி அருகே என் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை கீழ வந்து உக்கார்ற ஆளுங்களைப் பத்தி நாங்க பேசினா இனப் பிரச்சினை மாதிரி ஆயிடும். நீங்க இந்தியர். நீங்க சொன்னா ஒண்ணும் இல்ல லா."

எனக்கு அது பெருமையாக இருந்தது என்பதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. புதிதாகக் குடிவந்தவள், என்னைத் தேடி வந்து கேட்கிறார்கள்.

கூட்டத்தில் எழுந்து நின்று ஆங்கிலத்தில் பேசினேன். "அவர்களும் தமிழர்கள், நானும் தமிழ்தான். எங்களுக்கே பயமாக இருக்கிறது. உட்கார இடம் இருப்பதால்தான் வருகிறார்கள்" என்றேன். எங்களுக்கே! யார் சார்பில் பேசினேன் என்று எவரும் கேட்கவில்லை. நகர மன்றத்திலிருந்து வந்திருந்த இளைஞர் வரைபடத்தில் மேசை இருந்த இடத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். கைதட்டினார்கள். அதற்குமேல் அந்த விஷயத்தில் யாரும் பேசத் தேவையிருக்கவில்லை. பீகூன் சேமியா பரிமாறினார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர் சிரித்தார். "அடுத்த எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா? போஸ்டர் நான் ஒட்டுறேன்." அப்பா சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

அப்பா ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டதும் "பேப்பர் வாங்கிட்டு வரேன்" என்று கிளம்புவார். வெகுநேரம் கழித்துத்தான் வருவார், சில நாள் பேப்பர் இல்லாமலே. ஏன் என்று நான் கேட்டதில்லை. மேசை போன பிறகு இன்னும் தாமதமாக வந்தார். கோயிலுக்குப் போகிறார் என்று நானே நினைத்துக்கொண்டேன். கீழ்த்தளம் காலியாக, சுத்தமாக இருந்தது. எனக்கு நிம்மதி.

பிறகு ஒரு ஞாயிறு, மழை கொட்டிக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"அக்கா, ஐயா வழுக்கி விழுந்துட்டாரு. பயப்படாதீங்க, நாங்க கூடத்தான் இருக்கோம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு."

அந்தக் குரல் சொன்ன, பெரிய சாலைக்கு அப்பால் இருக்கும் திடலுக்கு ஓடினேன். புல்லில் அப்பா கிடந்தார். இரண்டு இளைஞர்கள் அவருக்கு மேல் குடையைப் பிடித்தபடி தாங்கள் நனைந்துகொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி மூடி, பேனாவால் கட்டம் போட்டது. ஈரத்தில் மை கரைந்து, அதன்மேல் போத்தல் மூடிகள் சிதறிக் கிடந்தன. அப்பாவுக்கு வலியில் முகம் வெளுத்திருந்தது. இருந்தும் ஓர் இளைஞனைக் கண்ணால் காட்டிச் சொன்னார். "இவன் தோக்குற நேரம். மழை வந்து காப்பாத்திடுச்சு."

"விழுந்தும் வாய் குறையுதா பாருங்கக்கா" என்றான் அவன். பிறகு என்னிடம், "முன்னாடி உங்க புளோக்லதான்கா டாம் விளையாடுவோம். யாரோ கம்ப்ளெயின் பண்ணி மேசையை எடுத்துட்டாங்க. நாங்க இங்க வந்தோம், ஐயாவும் எங்களைத் தேடிக்கிட்டு வந்துட்டாரு."

"அப்படியா" என்றேன்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, நடைச்சட்டத்தைப் பிடித்துக் குளியலறைவரை போகிறார்.

அப்பா மருத்துவமனையில் இருந்தபோதுதான் மகளிடம் கேட்டேன், தாத்தா அவர்களோடு விளையாடுவது அவளுக்குத் தெரியுமா என்று. "தெரியுமே. நான் வந்தா ஐயா பேத்தின்னு சொல்லி எல்லாரும் காலை மடக்கி வழி விடுவாங்க. உங்களுக்குத் தெரியாதா மா?"

மேலிருந்து நான் பார்த்த அசைவு அதுதான்.

அடுத்த கூட்டத்தில் மேசையைத் திரும்ப வைக்கச் சொல்லிக் கேட்டேன். தலைவிக்கு ஒன்றும் புரியவில்லை. "போன தடவை நீங்கதானே..." என்று இழுத்தார். "ஆமாம். தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்றேன். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து அண்மையில் குடியேறிய குடும்பம், இடுப்பில் கைக்குழந்தை. "வேண்டாம், எங்களுக்கே பயமாக இருக்கிறது" என்றாள், நான் சொன்ன அதே ஆங்கிலத்தில். உட்காரும் முன் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள். "நீங்க அன்னிக்குப் பேசினதைக் கேட்டுத்தான் அக்கா எனக்குத் தைரியமே வந்துச்சு."

கைதட்டினார்கள். பரிசீலிப்பதாக நகர மன்ற இளைஞர் சொன்னார். இந்த முறை பேனாவை அவர் திறக்கவில்லை.

அப்பாவிடம், "மேசையை மறுபடி வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன்பா" என்றேன். மற்றதைச் சொல்லவில்லை.

போன ஞாயிறு அவருக்கு ஒரு குவளை தே கொண்டுபோனபோது, திடலில் பேசிய அந்த இளைஞனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "கவலைப்படாதடா. எம் பொண்ணு கமிட்டில பேசியிருக்கா. அவ சொன்னா கேப்பாங்க." என்னைப் பார்த்ததும் போனை நீட்டினார். "இந்தா, உனக்கு நன்றி சொல்லணுமாம்."

வாங்கினேன். "ரொம்ப தேங்க்ஸ்கா" என்றான் அவன். பின்னால் பஸ் இரைச்சல் கேட்டது. எங்கோ வெயிலில் நின்றுகொண்டிருக்கிறான்.

"தம்பி, அதை எடுக்கச் சொன்னதே நான்தான்" என்றேன்.

"பரவால்லக்கா" என்றான் உடனே. யோசிக்கக்கூட இல்லை. எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய குரல்.

அப்பா கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டார். "இருக்கியாடா?" என்று கேட்டார். என்னைப் பார்க்கவில்லை. நான் கொண்டுவந்த தே முக்காலியில் ஆறிக்கொண்டிருந்தது.