காரில் பூ வளர்ப்பதில்லை

எங்கள் பழைய காரின் பிரேக் லைட் மங்கிப்போனதில் எனக்கு வந்த கவலையைவிட மற்றவர்களுக்கு வந்த சந்தோஷம் அதிகம். தலவாக்கலைச் சந்தியில் மறித்த பொலிஸ்காரர், ஒரு வாரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் வண்டியை ரோட்டில் ஓடவிடமாட்டேன் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டார். அது காதில் விழுந்ததும் ஹோட்டல் முதலாளி வீட்டுக்கே வந்தார்.

"குடுத்துருங்க டீச்சர். ஹோட்டல் வாசல்ல நிப்பாட்டி, உள்ள மண்ணைப் போட்டு பூ வளர்க்கலாம். வெள்ளைக்காரங்க படம் புடிப்பாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பா தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரைக்கு டிரைவராக ஓட்டி, தொரை ஊரைவிட்டுப் போனபோது அவரிடமே வாங்கிய கார் அது. லயத்து வரிசைவீட்டில் இருப்பவனுக்குக் கார் ஒரு கேடா என்று கேட்ட வாய்களுக்கு முன்னால் அம்மாவை உட்காரவைத்து ஓட்டியவர். அதில் செவ்வந்தி வளர்ப்பதா?

கராஜில் பல்பை மாற்றிப் பார்த்தார்கள். அப்போதும் மங்கல்தான். வயர் முழுவதையும் மாற்றவேண்டும், அதற்குப் பதில் விற்றுவிடலாம் என்றார் மெக்கானிக் பாஸ். போங்கள் நீங்களும் உங்கள் யோசனையும் என்று வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்தேன்.

தம்பியைப் பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். பேட்டரியின் எர்த் முனையிலிருந்து நீளமாக ஒரு வயரை இழுத்து விளக்கின் தகரக் கூட்டில் தொட்டேன். பளிச்சென்று எரிந்தது. வயரை எடுத்தால் மங்கியது. கரண்ட் வருகிறது, காரின் உடம்பு வழியாகத் திரும்பிப்போகத்தான் வழியில்லை.

இரண்டு விளக்கையும் கழற்றினேன். அடியில் நீலம், பச்சை, மஞ்சள் என்று அடுக்கடுக்காகப் பெயின்ட், கரண்டை மறித்துக்கொண்டு. தீபாவளிக்கு லயத்துக் கதவுக்கு அடித்ததில் மிச்சத்தை அப்பா காருக்கும் அடிப்பார். அவருக்குப் பிறகு நாங்களும் விடவில்லை. எங்கள் மழைக்கு ஒரு பொட்டு இடம் விட்டாலும் துரு தின்றுவிடும் என்று விளக்கைக் கழற்றி அடியிலும் பூசிவைப்போம்.

"அக்கா, எல்லாம் நம்ம கைவேலைதானா?" என்று தம்பி சிரித்தான்.

தகரம் வெள்ளையாகத் தெரியும்வரை சாண்ட் பேப்பரால் தேய்த்தோம். திருகி மாட்டியதும் இரண்டு விளக்கும் செக்கச்செவேலென்று எரிந்தன.

மறுநாள் நானாகவே அந்தச் சந்தியில் போய் நிறுத்தினேன். பின்னால் போய்ப் பார்த்த பொலிஸ்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டார். ஹோட்டலுக்கு விற்கப்போவதாகக் கேள்விப்பட்டேனே என்றார்.

"இப்போது அங்கேதான் போகிறேன்" என்று சிங்களத்தில் சொன்னேன். "முதலாளி பார்க்க வாசலில் ஒரு பிரேக் போட்டுவிட்டு வந்துவிடுவேன்."