வீடு கூட்டாத நாள்

என் கணவர் கட்டாரில் கிரேன் ஓட்டுகிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். அந்த முறை மார்கழி விடுமுறையோடு சேர்த்து வந்திருந்தார். மகளுக்கு அப்போது ஏழு வயது ஆகவில்லை. தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கும்போது இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் தொடங்குகிற திங்கட்கிழமையும் இவர் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வெளிக்கிடுகிற திங்கட்கிழமையும் ஒன்றாகவே வந்து தொலைத்தன. டிக்கட் போட்டவனைத் திட்டினேன், கம்பனியைத் திட்டினேன், இவரையும் விட்டுவைக்கவில்லை. "நான் என்ன செய்யிறது, அவங்கள் தந்த திகதி" என்று சொல்லிவிட்டு இவர் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினார்.

வந்த முதற் கிழமை பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்றுதான் இவரைப் பார்த்தாள். போனில் தெரிந்த ஆள் வீட்டுக்குள் நடமாடினால் அப்படித்தான் இருக்கும். பிறகு பிரிக்க முடியவில்லை. தலை வாரி இழுக்கிறதும் அப்பாதான், உச்சி கோணலாகப் போனாலும் அவளுக்கு அது வடிவு. மழை கொஞ்சம் விட்டால் போதும், இரண்டு பேரும் உட்துறைமுகப் பக்கம் போய் நின்று கப்பல் பார்ப்பார்கள். ஒவ்வொரு கப்பலையும் காட்டி "இது எங்கை போகுது?" என்று கேட்பாள். இவரும் வாயில் வந்த நாட்டை எல்லாம் சொல்லுவார். கடைசி ஞாயிற்றுக்கிழமை விறாந்தையில் இருந்து புத்தகங்களுக்கு உறை போட்டார்கள். வெட்டி எறிந்த பேப்பர்த் துண்டுகளைத் எங்கள் ஊர்த் தெருக்களில் திரிகிற மான்களில் ஒன்று படலைக்குள் தலையை விட்டுத் தின்றுகொண்டு நின்றது.

"இரும்பெல்லாம் தூக்கி மேலை வைக்கிற ஆளுக்கு ஒரு புத்தகத்துக்கு ஒழுங்கா உறை போட ஏலாது" என்றேன்.

"அம்மா, அப்பாவைப் பேசாதேங்கோ" என்றாள். இவருக்கு வாயெல்லாம் பல்லு.

அன்று பின்னேரம் பாலையூற்றிலிருந்து என் அக்கா ஸ்கூட்டியில் வந்தாள். இவர் நாளைக்குப் போகிறதைப் பிள்ளைக்கு இன்னும் சொல்லவில்லை, இரவைக்குச் சொல்லப் போகிறோம் என்றேன். அக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

"உனக்கென்ன விசரே? பயணம் வெளிக்கிடேக்கை வீட்டிலை கண்ணீர் விழக்கூடாது. அந்த மனிசன் கடல் தாண்டிப் போறவர். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப்போட்டு ஆளை அனுப்பு. பின்னேரம் ரெண்டு ரொபி குடுத்தா மறந்திடும்."

எங்கள் பக்கத்தில் தகப்பன்மார் அப்படித்தான் போகிறார்கள். பிள்ளையைக் கடைக்கு அனுப்பிவிட்டுப் போவார்கள், பக்கத்து வீட்டில் விளையாட விட்டுப் போவார்கள், நித்திரையில் முத்தம் கொடுத்துவிட்டுப் போவார்கள். யாரும் அதைப் பிழையென்று நினைப்பதில்லை, பிள்ளை மேலுள்ள இரக்கம் என்றுதான் நினைக்கிறோம். எனக்கு மட்டும் மனம் கேட்கவில்லை. "கெட்டிக்காரப் பிள்ளை, சொன்னா விளங்கும், அழுதிட்டு விட்டிடுவாள்" என்று இவரிடம் சொல்லிப் பார்த்தேன். இவர் என் முகத்தைப் பார்க்காமல், "அவள் அழுதா நான் போகமாட்டன்" என்றார். நானும் விட்டுவிட்டேன், இரவு பிள்ளைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மூன்று பேருமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். முதலாம் வகுப்புப் பிள்ளைகள் கேற்றடியில் தாய்மாரின் சீலையைப் பிடித்துக்கொண்டு கத்திய கத்தில் காது அடைத்தது. எங்கள் ஆள் அவர்களை ஒரு பெரிய மனுசியின் பார்வை பார்த்துவிட்டு, "நான் அப்பிடி அழேல்லை என்னம்மா?" என்றாள். போன வருடம் அவளும்தான் அழுதாள், நான் சொல்லிக் காட்டவில்லை. பிறகு இவர் பக்கம் திரும்பினாள்.

"பள்ளிக்கூடம் விடேக்கை நீங்கள்தானே வருவீங்கள்?"

"ஓம்."

"அம்மா வேண்டாம். நீங்கள் வாங்கோ."

"ஓம் குஞ்சு, ஓம்."

அவள் உள்ளே போனதும் இவர் மதிலில் கையை வைத்துக்கொண்டு நின்றார். இவரை ஏற்றிப்போகிற வான் மத்தியானத்துக்கு முன்னமே வந்துவிட்டது. சாமிப் படத்துக்கு முன்னால் திருநீறு பூசிவிட்டேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் ஏறினார். ஆள் பயணம் போன கையோடு வீடு கூட்டக் கூடாது என்பார்கள். விளக்குமாற்றைத் தொடாமல் கதவைப் பூட்டிக்கொண்டு மகளைக் கூட்டிவரப் போனேன்.

அவள் என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் பார்த்தாள். "அப்பா?"

"கடைக்குப் போயிட்டார்."

நம்பினாள். வழி நெடுகத் துள்ளித் துள்ளி வந்தாள். இன்றைக்கு வகுப்பில் ஒரு சங்கதி நடந்ததாம். என்னவென்று கேட்டேன். "உங்களுக்குச் சொல்லமாட்டன். அப்பாக்குத்தான் முதல் சொல்லுவன்" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றப் போனவள் அப்படியே நின்றாள். விறாந்தையில் காலடி மண், பேப்பர்த் துண்டுகள், இவர் சாப்பிட்டபோது சிந்திய சோறு.

"அம்மா, ஏன் வீடு கூட்டேல்லை?"

"களைப்படி. பிறகு கூட்டுவம்."

"மாமா கனடா போன அண்டைக்கும் நீங்கள் கூட்டேல்லை." கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்தாள். "அப்பா பயணம் போயிட்டாரா?"

மாமா போன அன்றைக்கு, ஏன் கூட்டவில்லை என்று அவள் கேட்டபோது, விளக்கமாக எடுத்துச் சொன்னதும் நான்தான். இப்போது வாயில் ஒரு பொய்யும் வரவில்லை. "ஓம்" என்றேன். அவள் சப்பாத்து இரண்டையும் சுவரோரமாக ஒழுங்காக வைத்தாள். அழவே இல்லை. போனில் அக்கா, "பாத்தியே, நான் சொன்னனான்தானே" என்றாள். கடவுளே, எனக்கும் அப்போது அப்பாடா என்றுதான் இருந்தது.

அடுத்த நாள் வயிற்றுக்குத்து என்றாள். அதற்கடுத்த நாள் சத்தியும் எடுத்தாள். ஆஸ்பத்திரியில் டொக்டர் வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். எனக்குப் பொறுமை குறைவு. ஒரு நாள் காலையில் சட்டையைப் போட்டுவிட்டுக் கையில் பிடித்து இழுத்தேன். கதவு நிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"நான் பள்ளிக்கூடம் போனா நீங்கள் எங்கை போவீங்கள்?"

"நான் எங்கையடி போறது? இந்தக் குசினிக்குள்ளைதான் கிடந்து சாவன்!"

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்பாவும் ஓம் எண்டுதான் சொன்னவர்."

நான் அவள் கையை விட்டுவிட்டு அந்தப் படியிலேயே இருந்துவிட்டேன். இந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் பயப்படவில்லை. தான் உள்ளே போனால் வெளியே ஆட்கள் இல்லாமல் போய்விடுவார்கள் என்று பயந்துபோய் இருக்கிறாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் கண்ணீர் விழாமல் காப்பாற்றினோம், சரி. அதற்குப் பதிலாக விழுந்தது இது.

அதன் பிறகு அந்த முதல் தவணைக் காலத்தில் பாதி நாள் பள்ளிக்கூட வேப்பமரத்துக்குக் கீழே நான் கிடந்தேன். வகுப்பு ரீச்சர் நல்ல மனுசி, பிள்ளையை யன்னலோரம் இருத்திவிட்டார். அவள் எழுதுவாள், தலையைத் தூக்கி என்னைப் பார்ப்பாள், திரும்ப எழுதுவாள். "என்ன, நீங்களும் ரெண்டாம் வகுப்போ?" என்று மற்றத் தாய்மார் பகிடி பண்ணினார்கள். "ஓம், நான்தான் முதலாம் பிள்ளை" என்று நானும் சொன்னேன். மெல்ல மெல்ல மரத்தடியிலிருந்து கேற்றடிக்கு வந்தேன், பிறகு வீட்டுக்கு வந்தேன். சித்திரை வருசப் பிறப்புக்குப் பிறகு அவள் பழையபடி போய்வந்தாள். சரியாகிவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள்.

சரியாகவில்லை. இவர் வீடியோ கோல் எடுத்தால் வந்து நிற்பாள். "சுகமா இருக்கிறீங்களோ?" என்று தூரத்துச் சொந்தக்காரரைக் கேட்கிற மாதிரிக் கேட்பாள். "அண்டைக்கு வகுப்பிலை என்னமோ நடந்ததாமே, அப்பாக்குச் சொல்லன்" என்று இவர் எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறார். "மறந்துபோச்சு" என்றுவிட்டுப் போய்விடுவாள். அது என்ன சங்கதி என்று இன்றுவரை எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

அடுத்த லீவுக்கு இவர் வரும்போது அவள் நான்காம் வகுப்புக்குப் போக இருந்தாள். இந்த முறை ஒளிப்பு மறைப்பு இல்லை என்று முடிவெடுத்திருந்தோம். அக்கா வாயைத் திறக்க முதலே, "நீ பேசாமல் இரு" என்று நான் அடக்கிவிட்டேன். இவர் ஏர்போட்டிலிருந்து வந்த வானால் இறங்கினார். மகள் படலையடியில் நின்றாள். கட்டிப்பிடித்தார், அவளும் பிடித்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்:

"எப்ப போறீங்கள்?"

இவர் உண்மையைச் சொன்னார். பள்ளிக்கூடம் தொடங்கி அடுத்த கிழமை, புதன்கிழமை. அவள் தலையாட்டினாள். கோபம் ஒன்றும் இல்லை. லீவு முழுக்க இவரோடு சிரித்தாள், விளையாடினாள், சேர்ந்து கடலுக்கும் போனாள். நானும் மனம் ஆறிப்போய் இருந்தேன்.

பள்ளிக்கூடம் தொடங்கிய காலை இவர் விடியவே குளித்து, அயன் பண்ணிய சேட்டுப் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணத் திறப்பும் கையுமாக நின்றார்.

"நீங்கள் நில்லுங்கோ அப்பா. அம்மா கொண்டுபோய் விடட்டும்."

"ஏன் குஞ்சு? நான் இண்டைக்குப் போகேல்லை. புதன்கிழமை எண்டு சொன்னனான்தானே."

"தெரியும். நீங்கள் கொண்டுபோய் விட்டா எனக்குப் படிக்க ஏலாது."

திறப்பை மேசையில் வைத்தார். "அப்ப விடேக்கை வரட்டோ?"

அவள் புத்தகப் பையைக் கொழுவிக்கொண்டு யோசித்தாள். இவருக்கு நோகக் கூடாது என்றுதான் அவ்வளவு நேரம் யோசித்திருக்கிறாள்.

"வந்தா வாங்கோ. நான் பாத்துக்கொண்டு நிக்கமாட்டன்."

இவர் பள்ளிக்கூடம் விடுவதற்கு எவ்வளவோ முதலே போய்க் கேற்றுக்கு நேரே நின்றுகொண்டார். பக்கத்தில் நானும் நின்றேன். பிள்ளைகள் எல்லோரும் கேற்றைத் தாண்டும்போதே தங்கள் ஆட்களைத் தேடினார்கள். எங்கள் மகள் ஒரு சிநேகிதியோடு கதைத்துக்கொண்டு வந்தாள், எங்கள் பக்கம் பார்க்காமலே எங்களைக் கடந்து போனாள். கோபத்தில் இல்லை. இவர் வந்து நிற்பார் என்று அவள் உண்மையாகவே எதிர்பார்க்கவில்லை. இவர் அவளைப் பெயர் சொல்லி இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது.