லாத்தாவோட வீட்டு வண்டிக்கு பிரேக் ஷூ தேடின கதை

சாயங்காலம் நாலு மணி வெயில்ல உப்பளம் ஒரே வெள்ளையா இருக்கும். கண்ணத் திறக்க முடியாது. அந்த வெள்ளைக்கு நடுவுல ரெண்டு சிவப்பு லைட்டு தானா எரிஞ்சா எப்படி இருக்கும்…

முத்தையாபுரம் தாண்டி ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். வாசல்ல நிக்கிற வேன்ல பிரேக் லைட்டு எரியுது. உள்ள ஆளே இல்ல. சாவி ஓனர் கையில இருக்கு.

"உப்புக்காத்துல ஸ்விட்ச் போயிருக்கும்"னு சொன்னேன். சொல்லிட்டு நானே ரெண்டடி பின்னாடி நகந்துக்கிட்டேன்.

அப்போ எனக்கு இருபத்திமூணு வயசு. தூத்துக்குடில ஒரு அண்ணாச்சியோட ஸ்பேர் பார்ட்ஸ் கடை கவுண்டர்ல வேலை. வர்றவங்க எல்லாம் என்னத் தாண்டி எட்டிப் பாத்து, "அண்ணாச்சி இல்லையாம்மா?"ன்னு கேப்பாங்க. "இருக்காரு, ஆனா பார்ட் நம்பர் எனக்குத்தான் தெரியும்"னு சொல்லுவேன். வாய் கொஞ்சம் ஜாஸ்திதான்.

வேன் ஓனர் காயல்பட்டினத்துக்காரர், கல்ஃப்ல ரொம்ப வருஷம் இருந்துட்டு வந்தவர். அவங்க ஊர் வழக்கப்படி நான் அவர காக்கான்னும், அவர் சம்சாரத்த லாத்தான்னும் கூப்பிடுவேன், அண்ணன் அக்காங்கிற மாதிரி. கை மாறி கை மாறி நாலாவது கையா வாங்கின பழைய வேன் அது. உள்ள கட்டில், கேஸ் அடுப்பு, சின்ன சிங்க், ஜன்னலுக்கு பூப்போட்ட கர்ட்டன்… ஒரு குட்டி வீடுதான்.

லாத்தாவுக்கு முதுகுல ஆபரேஷன் ஆகி, உக்காந்து பயணம் பண்ண முடியாது. ட்ரெயின்ல ஒரு தடவ போயி பட்ட பாடு போதும்னு ஆயிருச்சு. பெங்களூர்ல மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கு. படுத்துக்கிட்டே போயி பேரனப் பாக்கணும், அவ்வளவுதான் ஆசை.

ஆனா பிரேக் பாதிதான் பிடிக்குது. சக்கரத்துக்குள்ள அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூவ ரெண்டு தடவ மாத்தியும் அதே கதை. "வரும்போது தொப்பூர் மலை இறக்கம் இருக்கும்மா. அங்கன பிடிக்கலன்னா பேரனப் பாத்த கையோட மேல போகவேண்டியதுதான்"னு காக்கா சிரிச்சார். எனக்குச் சிரிப்பு வரல.

RC புக்ல இருக்கிற வருஷத்தச் சொல்லி ஷூ வாங்குறது எங்க ஊர்ல எல்லாரும் பண்ற தப்பு. பழைய வண்டில எப்பவோ பின் சக்கரத்து அச்ச, அதான் ஆக்சில, மாத்தியிருப்பாங்க. அது RC-ல ஏறாது. ஆக்சில்ல அடிச்சிருக்கிற நம்பரத்தான் பாக்கணும், ஆனா உப்பு அரிச்சு கண்ணுக்குத் தெரியாது. மேல பேப்பர வச்சு பென்சிலால தேய்க்கணும். தேய்க்கத் தேய்க்க நம்பர் எழும்பி வரும். அதுக்குத்தான் அன்னைக்கு நான் ஒர்க்‌ஷாப்புக்குப் போனது.

தானா எரியற லைட்டப் பாத்துட்டு மெக்கானிக் அண்ணன் வண்டிக்கு அடியில போகமாட்டேன்னுட்டார். "ஏளா, நீ வேணா போ. நான் இங்கன நிக்கேன்."

நானும் வீம்புக்குப் போனேன். அந்த வெயில்லயும் அடியில சில்லுனு இருந்துச்சு. சட்டத்து இடுக்குல கிரீஸோட ஒட்டிக்கிட்டு காஞ்ச பூ இதழ்… ஆயுத பூஜைக்குப் போட்ட மாலையா இருக்கும்னு நினைச்சேன். எத்தன ஆயுத பூஜை? எங்க பாத்தாலும் இதழ்.

கடைசி நம்பரத் தேய்க்கும்போது வண்டி லேசா அமுங்குச்சு. யாரோ படியில கால வச்சு உள்ள ஏறுற மாதிரி…

பதறி வெளிய வந்தேன். காக்காவும் மெக்கானிக்கும் தள்ளி நின்னு பேசிக்கிட்டிருக்காங்க. லாத்தா ரோட்டோர வேப்பமரத்தடியில நிக்கிறாங்க. வேன் கதவு வெளிய பூட்டி இருக்கு.

கடைக்கு வந்து அண்ணாச்சியோட பழைய நோட்டப் புரட்டினேன். ஏடாகூடமான வண்டி எது வந்தாலும் நம்பரோட எழுதி வைக்கிறது அவர் பழக்கம். அதே ஆக்சில் நம்பர், அவர் கையெழுத்துல. 'பின் ஆக்சில் மாத்தினது. அகல ஷூ போடணும்.' கீழ வண்டி பேர்.

அமரர் ஊர்தி.

அண்ணாச்சி எட்டிப் பாத்துட்டு நோட்ட மூடினார். "இத அவங்ககிட்ட சொல்லாத ஏளா. ஷூவ மட்டும் சரியா குடு."

மதுரையில இருந்து அகல ஷூ வரவச்சோம். மாட்டி ஓட்டிப் பாத்தா, மிதிச்ச இடத்துல நின்னுச்சு. ஸ்விட்ச்சும் மாத்தினதுல லைட்டு எரியறது நின்னுபோச்சு… ரெண்டு நாளைக்கு.

கிளம்புற அன்னைக்கு லாத்தா என்னத் தனியா கூப்பிட்டாங்க. "மவளே, இது முன்னாடி என்ன வண்டி? கட்டில்ல படுத்தா பக்கத்துல யாரோ படுத்திருக்காப்புல இருக்கு."

நான் யோசிக்கவே இல்ல. "ஸ்கூல் வேன் லாத்தா"ன்னு சொல்லிட்டேன்.

"பிள்ளைகளா… அப்ப சரி"ன்னு ஏறிட்டாங்க.

அவங்க திரும்புற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கல. பத்து நாள் கழிச்சு கடை வாசல்ல வேன் வந்து நின்னுச்சு. தொப்பூர்ல பிரேக் கல்லு மாதிரி பிடிச்சதாம். பேரன் போட்டோவ போன்ல காட்டினாங்க. அப்புறம் என் கையப் பிடிச்சுக்கிட்டு மெதுவா கேட்டாங்க.

"ஸ்கூல் பிள்ளைக இம்புட்டு நேரம் அசையாமலா மவளே படுத்திருக்கும்?"



"பயப்படாத. அவங்க யாரோ எவரோ… போக வர எல்லாருக்கும் சேத்து அல்லாகிட்ட துஆ செஞ்சேன்"னாங்க.

இப்போ நானே கடை வச்சிருக்கேன். போன்ல நம்பரத் தட்டினா ஷூ படத்தோட அகலம், நீளம் எல்லாம் வந்துருது. யாரும் வண்டிக்கு அடியில போறதில்ல, உடம்புக்கு அது சுகம்தான். ஆனா அந்த வண்டி யாரையெல்லாம் சுமந்துச்சுன்னு எழுதி வைக்கிற நோட்டு என்கிட்ட இல்ல.

லாத்தா போன வருஷம் மவுத்தாயிட்டாங்க. உண்மையச் சொல்லியிருக்கலாம்னு இப்பவும் மனசு அடிச்சுக்குது. சாவுச் சேதி வந்த அன்னைக்கு எங்க மாதா கோயில்ல போயி அவங்களுக்காக ஜெபம் பண்ணினேன். முடிச்சு எந்திரிக்கப் போனவ, திரும்ப முழங்கால் போட்டேன்… அவங்க பக்கத்துல படுத்துக்கிட்டு பெங்களூர் போயிட்டு வந்தவங்களுக்கும்.