கடைசி பெஞ்சில் கிருபானந்தம்

சித்தூரைச் சுற்றி மாம்பழக்கூழ் ஆலைகள் முளைத்து, கூழ் கப்பலேறத் தொடங்கிய தொண்ணூறுகளில், கிருபானந்தம் ஓர் ஆலையில் பாய்லர் ஆபரேட்டராகச் சேர்ந்தார். ஷிப்ட் முடிந்தால் மற்றவர்கள் ஒயின் ஷாப்புக்குப் போவார்கள், இவர் டீக்கடைக்குப் போவார். ஒரு சொட்டு தொட்டதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதருக்குத்தான் ஐம்பத்திரண்டு வயதில் ஈரல் கெட்டது. மஞ்சள் காமாலைக் கிருமி எப்போதோ ரத்தத்தில் புகுந்து உட்கார்ந்திருந்ததாம். பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்ட மகனின் ரத்த வகை சேரவில்லை. மனைவி எலிசபெத்துக்குச் சேர்ந்தது. சென்னையில் அவள் ஈரலில் பாதியை அறுத்து இவருக்கு வைத்தார்கள்.

பல மாதம் கழித்துத்தான் கோயிலுக்குப் போக டாக்டர் விட்டார். முகமூடி போட வேண்டும், காற்றோட்டமான இடத்தில் உட்கார வேண்டும், பிறர் வாய் வைத்த பாத்திரத்தில் வாய் வைக்கவே கூடாது. எங்கள் சபையிலோ மிஷன் காலத்து வெள்ளிப் பாத்திரம் ஒன்றுதான். திருவிருந்தில் திராட்சை ரசத்தை அத்தனை பேரும் அதில்தான் குடிப்போம். ஜன்னல் காற்று வருவது கடைசி பெஞ்சுக்கு மட்டும். குடித்து மாட்டிக்கொண்டு திருவிருந்து நிறுத்தப்பட்டவர்கள் உட்காரும் பெஞ்சு அது.

அன்று திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து போனோம். அவர் மட்டும் அங்கே உட்கார்ந்திருந்தார். ஈரலும் கெட்டு, கடைசி பெஞ்சிலும் உட்கார்ந்துவிட்டால் நம் ஜனத்துக்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஆராதனை முடிந்ததும் கமிட்டி மெம்பர் ஸ்டீவன் அவரிடம் போனான்.

"அண்ணா, பாழாப்போன குடிலேர்ந்து ஆண்டவர் உன்னை மீட்டுக்கினாரு. கொஞ்ச நாளு அடக்கமா இரு. அப்பால பந்திக்கு வரலாம்."

"நான் குடிச்சதே இல்ல தம்பி. ரத்தத்துல கிருமி..."

"குடிச்சவன் எவன்ணா ஒத்துக்கினான்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு பேரிடம் உண்மையைச் சொன்னேன். நண்பனுக்குப் பரிந்து பேசுகிறேன் என்றார்கள். பாஸ்டரும் பிரசங்கத்தில் அதையே சொன்னார். குடிகாரரையும் பாஸ்டர் ஐயா காப்பாற்றுகிறாரே, எவ்வளவு நல்லவர் என்று அவரைத்தான் மெச்சினார்கள்.

அடுத்த திருவிருந்தில் எலிசபெத்தும் எழுந்திருக்கவில்லை.

"நீ போ," என்றார் கிருபானந்தம்.

"என் ஈரல்ல பாதி உங்களாண்ட கீது. நீங்க இங்க குந்திக்கினு இருக்க, நான் மட்டும் எப்படி முழுசா போய் முட்டி போடறது?"

இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வாரமே பேச்சு கிளம்பிவிட்டது. புருஷனுக்குத் துணையாக அவளும் குடிப்பாளாம்.

தன் பேர் கெட்டபோது அழாத மனிதர் அதைக் கேட்டு அழுதார். உடம்பைக் கிழித்துக் கொடுத்தவளின் நல்ல பேரைக்கூட அவரால் காப்பாற்ற முடியவில்லை. எவரிடம் போய் என்னவென்று சொல்வார்?

"என் பேரு போனா போவட்டும். அடுத்த தபா நீயாவது எழுந்து போ, எலிசா," என்று கெஞ்சினார்.

அவள் அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாள்.

"இப்ப எழுந்து போனா, திருந்திட்டாள்னு சொல்வாங்க," என்றாள்.