மூணு மணிக்கு வராத போன்

இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

வலங்கைமானில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அன்வர் பாய் இன்று காலை இறந்துவிட்டார். இதை மூன்று முறை எழுதி அழித்துவிட்டேன்...

நம்ம ஊர் குரூப்பில் காலையிலிருந்து ஒரே புகழ். "துபாய் வேலை தேடி வந்தும் ஊர்ப் பாசத்தால் போகாதவர்" என்று ஒருவர் எழுத, எல்லோரும் கீழே கைகூப்புகிறார்கள்.

பாசமாம். அவர் போக மாட்டேன் என்று சொல்லவே இல்லை.

டயல்-அப் காலம். எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். இரண்டு நாளாக மோடம் கீச்சிட்டுக் கீச்சிட்டு அறுந்துகொண்டிருந்தது. எம்.எஸ்சி. படித்த நான் மேனுவலைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"நம்ம எக்ஸ்சேஞ்சு பழசு தம்பி. டோன் எடுக்காது, பல்ஸ்ல போடணும்" என்றார். செட்டிங்கில் ஒரே ஒரு டிக். கனெக்ட் ஆகிவிட்டது.

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அப்போது தெருவில் பாதிப் பேருக்கு எங்கள் வீட்டு போன்தான் பி.பி. நம்பர். அழைப்பு வந்தால் நாங்கள் போய்க் கூப்பிட்டு வர வேண்டும். பாய்க்கும் அதே நம்பர்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தார். "மச்சான் மூணு மணிக்கு துபாய்லேர்ந்து பேசுவாரு. விசா ஒண்ணு இருக்காம், இன்னைக்கே முதலாளிக்குப் பதில் சொல்லணுமாம். நெட் ஓடினா லைன்ல போன் வராது, அந்த நேரம் மட்டும் நெட்டைக் கட் பண்ணி வைங்க தம்பி."

சரி என்றேன்.

மூன்று மணிக்கு ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பம் இறங்கிக்கொண்டிருந்தது. முக்கால்வாசி வந்துவிட்டது. துண்டித்தால் மறுபடி முதலிலிருந்து... இன்னும் ஐந்து நிமிஷம், இன்னும் ஐந்து நிமிஷம் என்று நாலரை ஆகிவிட்டது.

நான் கூப்பிடுவேன் என்று கடையிலேயே காத்திருந்தவர் கடைசியில் தானே வந்தார்.

"போன் வந்துச்சா தம்பி?"

"வரலியே பாய்."

பொய் இல்லை. வரத்தான் இல்லை.

மேஜைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். லைன் வயர் மோடத்தில் இருந்தது. அதைக் கழற்றி போனில் செருகினார். ரிசீவரை எடுத்து டயல் டோன் கேட்டுவிட்டு வைத்தார். கடைக்குத் திரும்பிப் போய்விட்டார்.

மச்சான் மறுநாள் பேசினார். நான்தான் ஓடிப்போய்க் கூப்பிட்டு வந்தேன். விசா வேறு ஆளுக்குப் போயிருந்தது.

எனக்கும் அமெரிக்கா கிடைக்கவில்லை. அதற்கு யாரும் கைகூப்பவில்லை.

அதன் பிறகும் ரிப்பேருக்கு வந்தார். டீ குடித்தார். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம் பாய்... நானும் நாலு வார்த்தை திருப்பிப் பேசி, சண்டை போட்டு முடித்திருப்பேன். நீங்கள் கேட்காமலே விட்டதில் எனக்கு இன்னும் கோபம்தான்.

போய் வாங்க பாய்.

பெயர் காட்டாமல் பதிகிறேன். எங்கள் நம்பரைக் கொடுத்து வைத்திருந்தவர்களுக்கு யாரென்று தெரிந்துவிடும். மச்சானும் இந்தக் குரூப்பில் இருக்கிறார்...

இருந்தாலும் பெயர் வேண்டாம்.