பவுடர் படத்தில் இருந்த அக்கா

வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டுச்சித்திரம் செய்வதற்காகக் கல்லூரி விடுதியில் மைதாப் பசை காய்ச்சியபோது எழுந்த வாடையில், நான்கு வழிச் சாலைக்காக இடிக்கப்பட்ட எங்கள் பந்தல்குடி வீட்டின் மண்சுவர் முன்னால் வந்து நின்றது. மண் உதிராமலிருக்க சோப்பு, டீத்தூள், பிஸ்கட் என்று கடைகளில் கிழித்துப் போட்ட விளம்பரத் தாள்களையெல்லாம் அம்மா அதில் ஒட்டியிருந்தாள். நடுவில், பவுடர் விளம்பரத்திலிருந்து வெட்டியெடுத்த, சிவந்த கன்னமுள்ள ஒரு சிறுமி. எனக்கு நான்கு வயதானபோது காய்ச்சலில் இறந்த என் அக்காவுக்குப் போட்டோ இல்லாததால், அந்தச் சிறுமியே அக்கா ஆனாள். சிறுவயதில் இறந்த பெண்ணைக் கன்னித் தெய்வமாகக் கும்பிடுவது எங்கள் வழக்கம். பொங்கலுக்கு மறுநாள் அம்மா படத்துக்குப் பொட்டு வைத்து, புதுப்பாவாடை படைத்து, "அக்காளக் கும்பிட்டுக்கோ தாயி" என்பாள்.

எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். இரண்டாம் வகுப்பில், படத்தின் கீழிருந்ததைப் பெருமையோடு உரக்கப் படித்தேன்.

"அம்மா, இது அக்கா இல்ல. பவுடரு விக்கிற புள்ள."

"பெரிய படிப்பாளி! போயி தண்ணி எடுத்துட்டு வா."

அடுத்த பொங்கலுக்கும் பொட்டு வைத்தாள். என்னைக் கும்பிடச் சொல்லவில்லை.

இப்போது அக்காவைச் சித்திரமாக்க உட்கார்ந்தால், என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவளுக்கு அந்தச் சிவந்த கன்னம்தான் வருகிறது. அக்கா உண்மையில் எப்படி இருப்பாள் என்று அம்மாவிடம் போனில் கேட்டேன்.

அம்மா சொன்னாள்: "உன்னைய மாதிரி கருப்புதான். மூஞ்சி எனக்கும் அந்தப் படமாத்தான் வருது தாயி."

கருப்புத் தாளை எடுத்து, முகத்தை விட்டுவிட்டு, இடுப்பை முதலில் வெட்டினேன்.