ஒரு டம்ளர் கஞ்சிவெள்ளம்

செடிகளைப் பற்றிப் பாட்காஸ்ட் செய்வதில் முதல் தொல்லை, செடி பேசாது. இரண்டாவது தொல்லை, மற்ற எல்லாம் பேசும். கரமனையில் எங்கள் வீட்டுப் பின்புறம் நின்று "இதோ, இந்தச் செம்பருத்தியில் மொட்டு வந்திருக்கு" என்று மைக்கில் சொல்வதற்குள் காகம் கத்தும், யார் வீட்டிலோ மிக்ஸி ஓடும், பஸ் ஹாரன் அடிக்கும். பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "யாரோட பேசிண்டிருக்கே?" என்பாள். அதனால் தோட்டத்தைப் பற்றிய நிகழ்ச்சி முழுவதையும் புடவை பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் பதிவு செய்கிறேன். பட்டுப்புடவைகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்று கண்டுபிடித்தது என் தங்கை. என் கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் புடவைகளுக்குக் கிடைத்த ஒரே வேலை இதுதான்.

தங்கைக்குக் கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் அலுவலகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்து, நான் பேசியதை வெட்டி ஒட்டி ஏற்றிவிட்டுப் போவாள். எனக்குக் கல்லூரி நூலகத்தில் வேலை. வாரம் முழுக்கப் பிள்ளைகளை "உஷ்" என்று அடக்கி அடக்கி, என் வாயும் சேர்ந்து அடங்கிப் போய்விடும். பாட்காஸ்ட் தொடங்கியதே அதை ஆற்றிக்கொள்ளத்தான்.

கேட்டவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள். அதிலும் சென்னைச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே, குடும்ப வாட்ஸப் குழுவில் ஒருவர் எழுதினார்: "ரொம்ப நன்றாக இருக்கிறது. தமிழில் எப்போது வரும்?" அதற்குக் கீழே பதினோரு சிரிப்புப் பொம்மைகள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. சுற்றிலும் மலையாளம் கேட்கிற ஊரில் நாலு தலைமுறையாக இந்தத் தெருவில் பேசுகிற தமிழ், இவர்களுக்குத் தமிழாகத் தெரியவில்லையா? மூன்று நாள் குழுவில் யாருக்கும் பதில் போடவில்லை. நான் கோபித்துக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

அந்த வாரம்தான் முதல்முதலாக முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. திருச்சிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருக்கும் பெண். மொட்டை மாடியில் தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கிறாள். "இது ஏழாவது செடி மேடம். ஆறு போயிடுச்சு. இதுவும் போனா இனிமே தொட்டியே வாங்கக்கூடாதுன்னு வீட்டுல சொல்லிட்டாங்க. என்ன செய்யணும்?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளுக்காகவே ஒரு முழுப் பகுதி பதிவு செய்தேன். பீரோவுக்குள்ளிருந்து, என்னிடம் இருப்பதிலேயே மிக இனிமையான குரலில் சொன்னேன்: "கஞ்சிவெள்ளம் இருக்கோல்லியோ, அதை ரெண்டு நாள் புளிக்க வச்சு, ஒரு டம்ளர் எடுத்து மூட்டுல விடுங்கோ. அப்புறம் பாருங்கோ, தளதளன்னு வரும்."

"சூப்பர் மேடம், இன்னைக்கே ஆரம்பிக்கிறேன்" என்று பதில் வந்தது. அதைச் சென்னைக் குழுவில் போட்டுக் காட்டினேன். மனசு குளிர்ந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கை வந்திருந்த நேரத்தில், ஒரு படம் வந்தது. படத்தில் செடி இருந்தது. செடியின் மேல் எறும்பு இருந்தது. இலை என்று சொல்ல நாலைந்துதான், அதுவும் மஞ்சள்.

"நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன் மேடம். கஞ்சியில வெல்லம் போட்டுப் புளிக்க வச்சேன். எவ்வளவு வெல்லம்னு நீங்க சொல்லல, அதனால ஒரு டம்ளர் போட்டேன். கிளை பிரியற மூட்டுல எல்லாம் தடவினேன். மிச்சத்தைத் தொட்டியில ஊத்தினேன். எறும்பு ஏன் வருது?"

தங்கை இதைப் படித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, நீ பேசினது மலையாளமாக்கும், கேட்டியா" என்றாள்.

வடித்த கஞ்சித் தண்ணீருக்கு எங்கள் வீட்டில் கஞ்சிவெள்ளம் என்றுதான் பெயர். செடியின் அடிப்பகுதி மூடு; அங்கே ஊற்றுவது மூட்டில் விடுவது. திருச்சியில் வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போவது; அது கஞ்சியில் வராது என்று அவள் காது அதை வெல்லமாக்கிக்கொண்டது. மூட்டு என்றால் முழங்காலில் வலிப்பது. இந்த இரண்டு சொல்லும் இந்தப் பொருளில் மலையாளத்திலிருந்து வந்தவை என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. எடிட் செய்த தங்கைக்கும் அப்போது தோன்றவில்லை, அவளும் இந்த வீட்டுப் பெண்தானே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தமிழைக் கேலி செய்ததற்கு மூன்று நாள் உர்ரென்று இருந்தவள் நான். இப்போது அந்தத் தமிழே ஒருத்தியின் கடைசிச் செடியைக் கொன்றுகொண்டிருந்தது. "அது செத்தா நான் இந்தக் கடையை மூடிடறேன்" என்று தங்கையிடம் சொன்னேன். ஆத்திரத்தில் சொன்னதுதான், ஆனால் சொல்லியாகிவிட்டது.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளுக்குச் செய்தி எழுதினேன். தவறு என்னுடையது, மன்னிக்க வேண்டும்; எங்கள் வீட்டில் வெள்ளம் என்றால் தண்ணீர், மூடு என்றால் செடியின் அடி. மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுமண் போடவும். தண்டைக் கழுவவும். பாதிக்கு மேல் வெட்டிவிடவும். இனி வெறும் தண்ணீர் மட்டும், தண்ணீர், தண்ணீர். அந்தச் சொல்லை மூன்று முறை எழுதினேன். அடுத்த பகுதியையும் அதே தமிழில் பதிவு செய்தேன்: "நேயர்களே, செடியின் அடிப்பகுதியில் மிதமான அளவில் தண்ணீர் ஊற்றவும்." தங்கை பாதி கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள். "மழை எச்சரிக்கை வாசிக்கறாப்பல இருக்கு. யாருக்கு இது?"

யாருக்கு என்று எனக்கும் தெரியவில்லை. அதை ஏற்றவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் ஏற்ற ஒன்றும் இல்லை. பீரோவைத் திறந்தால் வெறும் புடவை எடுக்கத்தான். திருச்சியிலிருந்து பதிலே இல்லை. செடி போய்விட்டது, சொல்ல மனமில்லாமல் இருக்கிறாள் என்று நானே முடிவுகட்டி, அதற்காகவும் அவள் மேல் கொஞ்சம் கோபப்பட்டேன்.

ஒரு மாதம் போயிருக்கும். நூலகத்தில் என் மேசையில் இருந்தபோது அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. பதற்றத்தில் ஹெட்போனை மறந்து அப்படியே அழுத்திவிட்டேன். படிப்பறை முழுக்க அவள் குரல் கேட்டது.

"மேடம், வெட்டின குச்சி காஞ்சுதான் போச்சு. ஆனா பக்கத்துல வேர்லேர்ந்து ரெண்டு குருத்து வந்திருக்கு! நல்லாத் தெரியணும்னு இத்தனை நாள் காத்திருந்தேன். காலையில வெள்ளம் விட்டேன் மேடம். மூட்டுல. ஏன் உங்க பேச்சே வரல? சமைக்கும்போது கேட்க ஒண்ணுமே இல்லாம இருக்கு."

வெள்ளம் என்பதில் அந்த ள-வை அவள் எங்கள் தெருவில் சொல்வதைவிட அழுத்தமாகச் சொன்னாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, இரண்டுமே சத்தமாக. இரண்டாவது மேசையிலிருந்த ஒரு மாணவி நிமிர்ந்து பார்த்து, உதட்டில் விரலை வைத்து, "உஷ்" என்றாள்.